அக்குளில் கட்டிய நெறி

இருளாயியின் முகத்தில் விரல் வைக்க இடமில்லாதபடி தழும்புகள். ஒன்பது வயதில் வந்த பெரியம்மை நெற்றியிலிருந்து கழுத்து வரை குழி குழியாகப் பறித்துவிட்டு, இடது கண்ணில் ஒரு பூவையும் விழவைத்துவிட்டுத்தான் இறங்கியது. பெண் பார்க்க வந்த நாலைந்து பேர் வந்த வழியே திரும்பினார்கள். கிணறு வெட்டும் ஆண்டியப்பன் மட்டும், "மொகத்தை வச்சு என்ன செய்யப் போறேன், நான் பாதி நாள் பூமிக்குள்ளதான் இருக்கேன்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டான். நல்ல மனுஷன். அந்தப் பூமியே ஒருநாள் அவன்மேல் சரிந்துவிட்டது.

இலுப்பூரிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த அந்த மானாவாரி ஊரில், ஒதுக்கப்பட்ட அதே முகம்தான் அவளுக்கு ஒரு மரியாதையையும் வாங்கிக் கொடுத்தது. எந்த வீட்டில் அம்மை விழுந்தாலும் வாசலில் வேப்பிலை செருகிய கையோடு இருளாயிக்கு ஆள் போகும். சொந்தத் தாயே உள்ளே போகத் தயங்கும் வீட்டுக்குள் அவள் கூசாமல் போவாள். பக்கத்தில் படுப்பாள், கூழ் கரைத்து ஊட்டுவாள், கொப்புளத்தை வேப்பங்கொழுந்தால் தடவிக் கொடுப்பாள், இறங்கிய பிறகு மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வருவாள். ஒன்றும் ஆகாது. "நமக்கு அம்மை கண்ட ஒடம்பு" என்பாள். மாரியாத்தா ஒருத்தர் உடம்புக்கு ஒரு தடவைதான் வருவாள், வந்துவிட்டுப் போனபின் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் ஒன்றுதான். பெரிதாக வருவதும் சின்னதாக வருவதும் அவளுடைய விளையாட்டு, ஆள் ஒருத்திதான்.

இதில் பாதி சரி. முழுக்கத் தப்பாக இருந்திருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள், ஒரு கேடும் வந்திருக்காது.

ஆண்டியப்பன் இருந்த காலத்தில் அவர்களுக்கு மூக்கன் என்று ஒரு பையன் இருந்தான். அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்காததால் மூக்குக் குத்தி வைத்த பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், அவனுக்கு ஐந்து வயது நடக்கும்போது, அம்மை குத்துகிறவர் ஒருத்தர் ஊருக்கு வந்து பிள்ளைகளையெல்லாம் மரத்தடியில் நிறுத்திக் கையில் திருகு ஊசி வைத்தார். மூக்கனுக்கும் வைத்தார். மறு வருஷக் கோடையிலேயே பையனுக்குப் பெரியம்மை போட்டுப் பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தான். எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் பிழைக்கவைத்த கை, தன் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஊசியெல்லாம் வெறும் பித்தலாட்டம் என்று இருளாயி அன்றைக்கு முடிவு கட்டினாள். ஊரும் அவளோடு சேர்ந்து முடிவு கட்டியது. அம்மை விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்?

அதற்கு அடுத்த வருஷம் பிறந்தவள் அழகி. பெயருக்கு ஏற்ற முகம். தன் முகத்தில் இல்லாததையெல்லாம் அந்தப் பிஞ்சு முகத்தில் பார்த்துப் பார்த்து இருளாயிக்கு ஆசை அடங்கவில்லை. தகப்பன் போனபின் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அழகிக்கு நாலு வயதில் அம்மை போட்டது. வயிற்றிலும் முதுகிலும் முத்து முத்தாக எழும்பி ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இருளாயி கோயிலுக்குப் போய் மண்சோறு சாப்பிட்டாள். இனி என் பிள்ளைக்குப் பயமில்லை என்று நினைத்தாள்.

இப்போது அம்மை குத்துகிறவர் அப்துல் மஜீது. கட்டுமாவடிக்காரர். கடல் காற்றில் வளர்ந்த மனிதரைச் சர்க்கார் இந்தப் பொட்டல் காட்டில் சைக்கிள் மிதிக்கப் போட்டிருந்தது. ஐம்பத்தேழில் அவர் ஊருக்கு வந்தபோது பாதிப் பிள்ளைகள் குதிருக்குள்ளும் வைக்கோல் போருக்குப் பின்னாலும் பதுங்கிக்கொண்டன. இருளாயி பதுக்கவில்லை. அழகியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வந்து, "இதுக்கு அம்மை போட்டிருச்சு பாய், நானே தண்ணி ஊத்தினேன்" என்றாள். அவளைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பிள்ளையின் சட்டையைத் தூக்கி ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசிக் கடைசியில், தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போயிருந்த உடையப்பன் காய்ச்சலோடு வீடு திரும்பினான். ஞாயிற்றுக்கிழமை வந்து படுத்தவன். செவ்வாய்க்கிழமை காலையில் முகத்திலும் கையிலும் செவசெவவென்று தடிப்பு. அவன் பெண்சாதி பிரகதாம்பாள் வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு ஓடிவந்தாள். இருளாயி போனாள். கூடவே அழகியும் போனாள். அவன் மேல் ஈ மொய்க்காமல் வேப்பிலை விசிற ஓர் ஆள் வேண்டும். அம்மை கண்ட உடம்புதானே என்று இருளாயியே பிள்ளையை உள்ளே கூட்டிப்போய் அவன் தலைமாட்டில் உட்காரவைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் மஜீது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"அந்தப் பிள்ளை உள்ள என்ன பண்ணுது?"

"விசிறுது பாய். அதுக்குத்தான் அம்மை போட்டிருச்சே. போன வருசம் நீங்களே எழுதிக்கிட்டுப் போனீங்களே."

அவர் அழகியை வெளியே கூப்பிட்டார். வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சட்டையைத் தூக்கினார். வயிற்றில் மேலோட்டமாக இரண்டு மூன்று தழும்பு.

"எங்கிட்டு மொதல்ல எழும்புச்சு?"

"வயித்துலயும் முதுகுலயும். ஒரு நாளைக்குக் கொஞ்சம், மறுநாளைக்குக் கொஞ்சம். சின்னவதான் வந்தா. கும்பிட்டு அனுப்பிச்சிட்டேன்."

மஜீது அப்படியே தரையில் குந்திவிட்டார். "இருளாயி, அது சின்னம்மைம்மா. இது பெரியம்மை."

"ரெண்டும் அம்மைதானே பாய்?"

"நம்ம கூப்பிடுற பேருதான் ஒண்ணு. அது வேற வித்து, இது வேற வித்து. ஒடம்பு வந்தவன் மொகத்தைப் பாத்து அடையாளம் வச்சுக்கிரும். மறுக்கா அதே ஆளு வந்தா வாசல்லயே மடக்கிப்புடும். இந்தப் பிள்ளை ஒடம்பு சின்னம்மையைத்தான் பாத்திருக்கு. இவன் புது ஆளு. இவனை அதுக்குத் தெரியாது."

உள்ளே உடையப்பன் முனகுவது கேட்டது. அந்தத் தலைமாட்டில் நேற்றும் இன்றும் தன் பிள்ளையை உட்காரவைத்தது யார் கை என்று இருளாயிக்கு உறைக்க ஆரம்பித்தது. உறைத்ததும் அவள் மஜீதின் காலடியில் போய் விழுந்தாள். "ஊசி வையுங்க பாய். இப்பவே வையுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரெண்டு கையிலயும் வையுங்க."

"எந்திரி, எந்திரிம்மா. வைக்கலாம். காலம் இருக்கு. பெரியம்மை ஒடம்புக்குள்ள பூந்து வெளிய தெரியப் பன்னண்டு நாளு ஆகும். ஊசியில வைக்கிற அம்மைப்பால் எட்டு நாளைக்குள்ள வேலையை முடிச்சிரும். அதுதான் முந்தணும். பட்ட மூணு நாளைக்குள்ள வச்சா முந்திரும்னு சொல்றாங்க."

"அப்ப வையுங்க!"

அவர் சைக்கிளில் மாட்டியிருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் காலி. முந்தின நாள் வேறோர் ஊரில் தீர்ந்துபோயிருந்தன. புதுக்கோட்டை ஆபீசில்தான் இருக்கும், கொண்டுவர வேண்டும். ஆனால் நோய் விழுந்த ஊரைவிட்டு அவர் நகர முடியாது. ஊர்க்காரர்கள் யாரையும் வெளியே அனுப்பவும் முடியாது. யார் உடம்பில் என்ன பதுங்கியிருக்கிறதோ, போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போவார்கள். யோசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன்னை அனுப்பலாம். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்லயே ஒன் ஒடம்பு ஒண்ணுதான் நெசமாவே அம்மை கண்ட ஒடம்பு. சீலையைக் கொதிக்கவச்சுத் தொவைச்சுக் கட்டிக்க, தலைக்குக் குளி, விடியப் போ. நான் சீட்டு எழுதித் தாரேன்."

வியாழக்கிழமை விடியும்போது அவள் இலுப்பூர் ரோட்டில் இருந்தாள். இடுப்பில் ஒரு மண்கலயம், கலயத்துக்குள் ஆற்று மணல், மடியில் சீட்டு. அம்மைப்பால் வெயில் பட்டால் செத்துப்போகும், ஈரமணலில் புதைத்து ஈரத்துணி சுற்றி எடுத்து வா, துணி காயவே கூடாது என்று மஜீது பத்துத் தடவை சொல்லியிருந்தார். மூன்று நாளில் இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். இருளாயிக்கு அது புதுசில்லை.

புதுக்கோட்டை ஆபீசில் இருந்த கம்பவுண்டர் வயதான மனிதர், நல்ல மாதிரி. சீட்டைப் படித்துவிட்டு ஐஸ் வைத்த பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து ஈரப்பஞ்சில் சுற்றினார். விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய்கள். உள்ளே பால் மாதிரியும் இல்லாமல் தண்ணீர் மாதிரியும் இல்லாமல் ஏதோ இருந்தது. கன்றுக்குட்டியின் கொப்புளத்தில் ஊறிய நீர். தன் கையாலேயே அதைக் கலயத்து மணலில் புதைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தினம் நூறு பேரிடம் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்.

"வச்ச எடத்தைத் தொடைக்கக் கூடாதுன்னு தாய்மார்கிட்டச் சொல்லு. தானாக் காயணும். தொடைச்சா வைக்காத மாதிரிதான்."

இருளாயி நின்றுவிட்டாள்.

"என்னம்மா, காது கேக்கலையா?"

"கேக்குது சாமி."

நன்றாகக் கேட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னாலும் கேட்டிருந்தது. மரத்தடியில் திருகு ஊசியைத் துடைத்துக்கொண்டே அந்த மனிதர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். தொடைக்காதீங்க, காயட்டும். அவர் தலை மறைந்ததும் இருளாயி மூக்கனை மடியில் போட்டுக்கொண்டு, வேப்பிலை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்து அந்தக் கையைத் துடைத்தாள். என்னமோ அசிங்கத்தைப் பிள்ளை உடம்பில் தடவிவிட்டான், மாரியாத்தா கோபிப்பாள் என்று அரைத்த மஞ்சளையும் வைத்து அழுத்தித் துடைத்தாள். குளுகுளுவென்று இருக்கிறது என்று பையன் சிரித்தான். "இன்னொருக்கா தொடைச்சு விடு ஆத்தா" என்றான். துடைத்து விட்டாள். அதோடு நிற்கவில்லை. மற்றத் தாய்மார்களையும் கூப்பிட்டு, எப்படித் துடைப்பது என்று காட்டிக் கொடுத்தாள்.

இலுப்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது உச்சி வெயில். ஆறு மைல் நடக்க வேண்டும். முதல் கிணற்றில் துணியை நனைத்துக் கலயத்தைச் சுற்றினாள். இரண்டாவது கிணற்றில் கயிறும் இல்லை, வாளியும் இல்லை, தண்ணீர் எட்டாத ஆழத்தில் கிடந்தது. அதற்கப்புறம் இருந்த ஊருணி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. துணி காய ஆரம்பித்தது. குடிக்க என்று சுரைக்குடுக்கையில் கொண்டுவந்திருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி காய்ந்தது. மறுபடி ஊற்றினாள். குடுக்கை காலியானதும் முந்தானையைப் போட்டுக் கலயத்தை மூடி, வெயில் படாமல் குனிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாமியைக் கூப்பிடலாம் என்றால் வாய் வரவில்லை. யாரைக் கூப்பிடுவது? மாரியாத்தா மேல் பழியைப் போட்டு ஏழு வருஷம் அழுதாகிவிட்டது. பிள்ளையைக் காவு கொடுத்தது தன் கை என்று தெரிந்தபின் அவளிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? ஒருத்தனைத் துடைத்துக் கொன்றேன், ஒருத்தியை விசிறவைத்துக் கொல்லப் போகிறேன் என்று வாய்விட்டு அலறிக்கொண்டே நடந்தாள். கேட்க அந்தப் பொட்டலில் ஒரு காக்கைகூட இல்லை.

ஊர் எல்லைக் கிணற்றில் அவள் முதலில் கலயத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றினாள். அப்புறம்தான் குடித்தாள்.

சாயங்காலம் மஜீது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். முதல் ஆள் அழகி. இடது கையில் ஒரு சொட்டு வைத்து, அதன் மேல் திருகு ஊசியை அழுத்தித் திருப்பினார். பிள்ளை வீல் என்று கத்தியது. அடுத்தது உடையப்பனின் மூன்று வயதுப் பையன் சிவசாமி. அவன் கத்தலுக்குப் பிரகதாம்பாள் ஒரு கிண்ணத்தில் வேப்பிலைத் தண்ணீரும் துணியுமாக ஓடிவந்தாள். மடியில் போட்டுத் துடைக்கப் போன கையை இருளாயி பாய்ந்து பிடித்தாள். கிண்ணம் கவிழ்ந்தது.

"தொடைக்காதே!"

"விடுங்கக்கா! என்னக்கா இது? நீங்கதானே எங்களுக்கெல்லாம் தொடைக்கச் சொல்லிக் குடுத்தீங்க!"

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. இருளாயி பிரகதாம்பாளின் கையை விடவில்லை. அவளைப் பிடித்தபடியே இரண்டு பிள்ளைகளையும் தனக்கு முன்னால் உட்காரவைத்து, அந்த இரண்டு சொட்டும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ வந்தால் ஊதினாள்.

பெட்டியை மூடியபின் மஜீது அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு நாலு நாளுல கடுகு மாதிரி எழும்பும். அப்புறம் நீர் கோத்துக் கொப்புளமாவும். ஏழு எட்டு நாளுல காய்ச்சல் வரும், அக்குள்ல நெறி கட்டும். நெறி கட்டுச்சுன்னா ஒடம்பு பாலைப் பிடிச்சுக்கிருச்சுன்னு அர்த்தம். ஒண்ணுமே எழும்பலைன்னா பால் வெயில்ல செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"நெறி கட்டுனா கெட்டதில்லையா பாய்? நாங்க எண்ணெய் போட்டு உருவிக் கரைச்சுப்புடுவமே."

"கரைக்கக் கூடாது. கால்ல முள்ளு குத்துனா தொடையிடுக்குல நெறி கட்டுதுல்ல, ஏன்? கொப்புளம் ஒடைஞ்சா தெளுவா ஒரு தண்ணி வருதே, அது ஒடம்பு பூரா ஓடிக்கிட்டு இருக்கு. ரத்தத்துக்கு மாதிரி அதுக்கும் தனி வாய்க்கா உண்டு. காலுத் தண்ணி தொடையிடுக்கு வழியா ஏறும். கைத் தண்ணி அக்குள் வழியா ஏறும். தலைக்கு, கழுத்து. அங்கங்கே அவரைக்கொட்டை மாதிரி காவல் இருக்கு. கண்டதும் உள்ள போகாம அங்கேயே பிடிச்சு நிறுத்தி, யாரு எவருன்னு பாக்கும். சண்டைக்கு ஆளு சேக்கும். ஆளு சேந்தா வீங்கத்தானே செய்யும்?"

படித்தவர்கள் நிணநீர் என்றும் நிணநீர்க்கணு என்றும் சொல்வதை மஜீது வாய்க்கால், காவல் என்று சொல்லி முடித்துவிட்டார். இருளாயிக்கு அது போதும். மரத்தடியில் துடைத்த அன்றைக்கு, மூக்கனின் அக்குள் காவலுக்குச் சேதியே போய்ச் சேரவில்லை என்பதையும் அவள் கேட்காமலே புரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் அழகியின் கையில் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் காலையிலும் ஒன்றும் இல்லை. கலயத்துத் துணி எவ்வளவு நேரம் காய்ந்து கிடந்தது என்று அவள் மனசு அந்த ரோட்டிலேயே திரும்பத் திரும்ப நடந்தது. சாயங்காலம் பார்த்தபோது சிவப்பாகக் கடுகளவு ஒரு புள்ளி. கொசு கடித்ததோ என்று சந்தேகம். அஞ்சாம் நாள் அது மிளகளவு ஆனது. உடையப்பன் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக அல்லாடினாள். அடுத்த புதன்கிழமை உடையப்பன் இறந்துபோனான். கடைசித் தண்ணீர் அவள்தான் ஊற்றினாள், பிணத்துக்கு. பிரகதாம்பாள் மாரில் அடித்துக்கொண்டு, "எம்புள்ளையாவது நிக்குமாக்கா, நிக்குமா?" என்று கேட்டாள். தனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

எட்டாம் நாள் விடியற்காலை அழகியின் உடம்பு அனலாகக் கொதித்தது.

எந்தக் காய்ச்சல் இது? பாலின் காய்ச்சலா, பெரியம்மையின் காய்ச்சலா? எத்தனை உடம்பைப் பார்த்தவள், இந்த ஒரு உடம்பில் இருளாயிக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து சட்டையைக் கழற்றி நெற்றி, காது மடல், உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். புள்ளி இல்லை. கையில் கொப்புளம் மட்டும் நடுவில் குழிந்து, சுற்றிச் சிவந்து, பழுத்து நின்றது. விரலை அக்குளில் வைத்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. விரலை இன்னும் உள்ளே அழுத்தினாள். தோலுக்கு அடியில், அவரைக்கொட்டை அளவுக்கு, கெட்டியாக ஒன்று நழுவியது.

"வலிக்குது ஆத்தா, கையை எடு."

"வலிக்குதாடி? நல்லா வலிக்கட்டும். எஞ்சாமி, நல்லா வலிக்கட்டும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே ஒப்பாரியாக மாறியது. விரலை எடுக்காமல், அந்தச் சின்னக் கட்டியைப் பிடித்துக்கொண்டு, மூக்கா, மூக்கா என்று அழுதாள். தன் பெயர் அழகியாயிற்றே, ஆத்தா யாரைக் கூப்பிடுகிறாள் என்று பிள்ளை விழித்தது.

மஜீது வந்து தொட்டுப் பார்த்தார். "கெட்டியாப் பிடிச்சிருக்கு. பயப்படாதே." சிவசாமிக்கும் கட்டியிருந்தது. அவர் சைக்கிளைத் திருப்பும்போது இருளாயி ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, மூக்கன் கதையைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதது.

அவர், "ஒனக்கு யாரும் வெவரமாச் சொல்லலையேம்மா" என்றார்.

"சொன்னாரு பாய். தொடைக்காதேன்னுதான் சொன்னாரு. நல்லாக் கேட்டுச்சு."

மஜீது சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். "நானும் ஒம் பிள்ளை சட்டையைத் தூக்கிப் பாக்காமத்தான் எழுதினேன்" என்றார். பிறகு மிதித்துப் போனார்.

பன்னிரண்டாம் நாளும் பதினான்காம் நாளும் போயின. சிவசாமிக்குக் காய்ச்சலோடு இருபது கொப்புளம் போட்டு இறங்கியது, பிழைத்தான். அழகிக்கு ஒன்றும் வரவில்லை. முகம் முகமாகவே இருந்தது. இடது கையில் மட்டும் ஒரு வட்டத் தழும்பு. இருளாயி அதைத் தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள்.

அதற்குப் பிறகு மஜீது எந்த ஊருக்குப் போனாலும் இருளாயி பின்னாலேயே நடந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளை உட்காரவைத்து, கை காயும்வரை காவல் இருப்பாள். எட்டாம் நாள் திரும்பவும் போய் ஒவ்வொரு பிள்ளையின் அக்குளிலும் விரலை விட்டுப் பார்ப்பாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் கையை இடுக்கிக்கொண்டு ஓடும். நெறி தட்டுப்பட்டால் அவள் முகத்தில் சந்தோஷம் தெரியாது. அறுபத்து நாலில் உறையவைத்து உலர்த்திய புது மருந்து, வெயிலுக்குச் சாகாத தூள் மருந்து வந்தபோதும் அவள் கலயத்தில் ஈரமணலோடுதான் வந்தாள். மஜீதும் குழாயை அதிலேயே வைப்பார்.

ஆவூர்ப் பக்கம் ஒரு ஊரில் இளம் தாய் ஒருத்தி வேப்பிலைத் தண்ணீரோடு வந்தாள். இருளாயி கையைப் பிடித்ததும் அவளுக்கு எரிச்சல். "எம்புள்ளை கையை நான் தொடைச்சா ஒனக்கு என்ன? ஒனக்கு எத்தனை புள்ளைக?" என்றாள்.

இருளாயி அவள் கையை விடாமல், பூ விழுந்த கண்ணையும் நல்ல கண்ணையும் நிமிர்த்திப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு தாயி. ஒண்ணுக்குத் தொடைச்சேன். ஒண்ணுக்குத் தொடைக்கலை. தொடைக்காத புள்ளைதான் இப்ப இருக்கு."